85 வயதில் கொழுப்பு தானாக இறங்கினால், ஏன் என்று கேளுங்கள் டாக்டர்

எங்கள் வட்டாரத்தில் வயதானவர்களுக்கு மருந்து எழுதும் டாக்டர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் கும்பகோணம் பக்கம் ஒரு சின்ன ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பார்மசி படித்தவன், மருத்துவம் படித்தவன் இல்லை. ஆனால் நீங்கள் எழுதும் சீட்டு கடைசியில் வந்து சேருவது என் மேஜைக்குத்தான். கூடவே லேப் ரிப்போர்ட்டும் வந்துவிடும், ஏனென்றால் உங்களிடம் கேட்கத் தயங்குவதை எல்லாம் சனங்கள் என்னிடம் கேட்கிறார்கள். "தம்பி, அம்மாவுக்குக் கொழுப்பு நல்லா எறங்கிருச்சு, நார்மல்னு சொல்லிட்டாங்க, இனிமே கவலை இல்லைல்ல?" இப்படிக் கேட்டுக்கொண்டு வருகிற மகன்களையும் மருமகள்களையும் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

என் வேண்டுகோள் இதுதான். 85 தாண்டிய ஒருவருக்கு, மருந்தின் அளவை நீங்கள் மாற்றாமலே, கொலஸ்ட்ரால் வருடத்துக்கு வருடம் இறங்கிக்கொண்டே வந்தால், நார்மல் என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். ஏன் இறங்கியது என்று கேளுங்கள். எடை பாருங்கள். அப்புறம், கூட வந்திருப்பவரைத் தனியாகக் கூப்பிட்டு, ஞாபகம் எப்படி இருக்கிறது என்று விசாரியுங்கள்.

லேப் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். 32 வயது ஐடி பையனுக்கும் 91 வயது ஆச்சிக்கும் ஒரே கோடுதான், 200-க்குக் கீழே இருந்தால் நல்லது. 204 வந்தால் தடித்த எழுத்தில், பக்கத்தில் ஒரு அம்புக்குறியோடு அச்சாகிறது. 118 வந்தால் எந்தக் குறியும் கிடையாது, சாதா எழுத்தில் அமைதியாக உட்கார்ந்திருக்கும். அந்த ஆச்சியைப் பொறுத்தவரை இந்த இரண்டில் எது உங்களை நிமிர்ந்து உட்கார வைக்க வேண்டும் என்றால், 118-தான் என்று நான் நினைக்கிறேன். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை, நீங்கள் படித்த இதழ்களில் வந்ததுதான்.

நெதர்லாந்தில் லெய்டன் என்ற ஊரில் 85 வயதும் அதற்கு மேலும் ஆன 724 பேரின் ரத்தத்தில் கொலஸ்ட்ராலை அளந்து, பத்து வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். 1997-இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. மொத்தக் கொலஸ்ட்ரால் ஒவ்வொரு 39 புள்ளி கூடும்போதும் இறப்பு 15 சதவீதம் குறைவாக இருந்தது. கொலஸ்ட்ரால் அதிகம் இருந்தவர்கள் புற்றுநோயிலும் தொற்றுநோயிலும் குறைவாக இறந்தார்கள். 50 வயதில் நாம் எதைக் கண்டு பயப்படுகிறோமோ அந்த எண் 85-க்கு மேல் அதே அர்த்தத்தில் பேசவில்லை.

மூளை விஷயத்திலும் இப்படித்தான். ஹவாய்த் தீவில் வாழும் ஜப்பானிய வம்சாவளி ஆண்களை ஹொனலுலுவில் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 2007-இல் வெளியான ஆய்வில், பின்னாளில் டிமென்ஷியா என்கிற மறதிநோய் வந்தவர்களுக்கு, அது கண்டுபிடிக்கப்படுவதற்குக் குறைந்தது 15 வருடம் முன்பிருந்தே மற்றவர்களைவிட வேகமாகக் கொலஸ்ட்ரால் இறங்க ஆரம்பித்திருந்தது தெரிந்தது. 15 வருடம்! வீட்டில் யாருக்கும் ஒரு சந்தேகமும் வராத காலத்தில் ரத்தத்தில் எண் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

கொழுப்பு குறைந்ததால்தான் மறதி வந்தது என்று நான் சொல்லவில்லை, அப்படி யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரும்பாலும் அது தலைகீழாக நடக்கிறது. நோய் ஏதோ ஒன்று உள்ளே ஆரம்பித்துவிட்டது, பசி மந்தமாகிறது, சாப்பாட்டின் அளவு குறைகிறது, உடம்பு இளைக்கிறது, அதன் நிழல்தான் ரிப்போர்ட்டில் விழுகிறது. மறைந்திருக்கும் புற்றுநோயாக இருக்கலாம், தைராய்டு அளவுக்கு மீறி ஓடுவதாக இருக்கலாம், நாள்பட்ட தொற்றாக இருக்கலாம், மறதிநோயின் ஆரம்பமாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் "நல்லா இருக்கீங்க பாட்டி, அடுத்த வருஷம் வாங்க" என்று சொல்லக்கூடிய இடம் அது இல்லை.

நடு வயதுக்காரர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. 2024-இல் லான்செட் இதழ் அமைத்த நிபுணர் குழு, தவிர்க்கக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகில் டிமென்ஷியாவில் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று சொன்னது. நடு வயதில் எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்ட்ரால் அதிகமாக இருப்பதை அந்தப் பட்டியலில் புதிதாகச் சேர்த்ததும் அதே அறிக்கைதான். 50 வயதில் கொழுப்பைக் கவனிக்காமல் விட்டால் இதயம் மட்டுமில்லை, பிற்காலத்தில் மூளையும் பாதிக்கப்படலாம். 50-க்குச் சொன்னதை அப்படியே 88-க்கும் சொல்லிவிடுகிறோமே, அதுதான் என் ஆதங்கம்.

அந்த ஒரே பாட்டு சாப்பாட்டுத் தட்டில் என்ன செய்கிறது என்று பாருங்கள். கொலஸ்ட்ரால் 215 என்று ரிப்போர்ட் வந்த 88 வயது அம்மாவுக்கு வீட்டில் முட்டையை நிறுத்தினார்கள், நெய்யை நிறுத்தினார்கள், தேங்காயை நிறுத்தினார்கள், பாலில் ஆடையை எடுத்தார்கள். யாரோ ஒரு டாக்டர் சொன்னாராம். பல் இல்லாத அந்த அம்மா விரும்பிச் சாப்பிட்டதே குழைந்த சாதத்தில் ஒரு சொட்டு நெய்யும் பாதி அவித்த முட்டையும்தான். அதுவும் போனபின் ரசஞ்சாதம் நாலு வாய், அவ்வளவுதான். அடுத்த ரிப்போர்ட்டில் 160, வீட்டில் சந்தோஷம். என் கடை வாசலில் இருக்கும் எடை மெஷினில் அவரை ஏற்றிப் பார்த்தபோது ஆறு கிலோ குறைந்திருந்தார். சாப்பாட்டில் இருக்கும் கொலஸ்ட்ரால் ரத்தத்தில் கூட்டுவது கொஞ்சம்தான், பெரும்பகுதியைக் கல்லீரல் தானே செய்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததா? அந்த வயதில் ஆறு கிலோ என்பது தொடைச் சதை, கைப்பிடி பலம், கீழே விழாமல் நிற்கும் பலம். தயவுசெய்து, 85 தாண்டியவர்களிடம் எதை நிறுத்தச் சொல்வது என்று யோசிப்பதற்கு முன் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

இனி மாத்திரை அட்டைக்கு வருகிறேன், இதில் உங்களைவிட எனக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும் என்று நினைக்கிறேன். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர், 86 வயது, தனியாக இருக்கிறார், மகள் வெளியூரில். மாதம் பிறந்தால் தானே நடந்து வந்து மருந்து வாங்குவார், பெயர் சொல்லமாட்டார், பழைய அட்டையை நீட்டுவார். ஒரு தடவை வந்த ஒரே வாரத்தில் திரும்ப வந்து அதே அடோர்வாஸ்டாடின் என்கிற கொழுப்பு மாத்திரை அட்டையை நீட்டினார், முழுவதும் காலி. பையில் என்னென்ன இருக்கிறது காட்டுங்கள் ஐயா என்று வாங்கிப் பார்த்தேன். பிரஷர் மாத்திரை அட்டையில் இரண்டே இரண்டுதான் பிரிந்திருந்தது, அதுவும் ஓரத்திலிருந்து வரிசையாக இல்லை, நடுவில் ஒன்று, மூலையில் ஒன்று. கொழுப்பு மாத்திரையை மறந்து மறந்து தினமும் இரண்டு மூன்று தடவை போட்டிருக்கிறார், பிரஷர் மாத்திரையைத் தொடவே இல்லை. இதற்கிடையில் பிரஷர் கட்டுக்குள் வரவில்லை என்று சீட்டில் இன்னொரு மாத்திரை புதிதாகச் சேர்ந்திருந்தது. கொலஸ்ட்ரால் மட்டும் 170-லிருந்து 121-க்கு வந்திருந்தது, மகள் வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு ரொம்ப நல்லா இருக்குப்பா என்று சொல்லியிருக்கிறார். மனிதர் வேட்டிக்கு மேல் கட்டும் பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருந்தார், அதிலும் தளர்வாகத்தான் நின்றது. கணக்கு வாத்தியார், மீதிச் சில்லறையை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டார்.

அந்த எண் இறங்கியதற்கு அதிகப்படி மாத்திரையும் சாப்பிட மறந்ததும் இரண்டும் காரணம். இரண்டுமே மறதியின் வேலை. நல்லா இருக்கிறது என்று ரிப்போர்ட் சொன்ன இடத்தில்தான் அவருடைய பிரச்சினை முழுவதும் இருந்தது. இப்போது பக்கத்து வீட்டுப் பெண் டப்பாவில் பிரித்துப் போட்டுக் கொடுக்கிறார், புதிதாகச் சேர்த்த பிரஷர் மாத்திரை தேவைப்படவில்லை. மகளிடம் நான்தான் பேசினேன், சொல்லும்போது எனக்கே கஷ்டமாக இருந்தது.

மரபணு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது இப்போது எங்கள் ஊர் வரைக்கும் வந்துவிட்டது. எச்சிலை ஒரு குழாயில் துப்பி அனுப்பினால் டிமென்ஷியாவில் ஒரு வகையான அல்சைமர் வருமா வராதா என்று சொல்லிவிடுவோம் என்று விற்கிறார்கள். அவர்கள் பார்ப்பது பெரும்பாலும் ஏபிஓஇ என்ற மரபணுவை. 19-ஆவது குரோமோசோமில் இருப்பது, கொழுப்பைச் சுமந்து செல்லும் புரதத்தைச் செய்வது. இ2, இ3, இ4 என்று மூன்று வகை, அதிகம் பேரிடம் இருப்பது இ3. 1993-இல் அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் ஆலன் ரோசஸ் குழுவினர் இ4-க்கும் அல்சைமருக்கும் தொடர்பைக் காட்டினார்கள். கொலஸ்ட்ரால், மரபு, மூளை மூன்றும் ஒரே இடத்தில் சந்திப்பது இங்கேதான். ரத்தத்தில் எல்டிஎல்லைக் கொஞ்சம் கூட்டுவதும் அதே இ4, மூளையில் அல்சைமரின் ஆபத்தைக் கூட்டுவதும் அதே இ4.

ஆனால் ரத்தத்தின் கொலஸ்ட்ரால் வேறு, மூளையின் கொலஸ்ட்ரால் வேறு. உடல் எடையில் 2 சதவீதம்தான் மூளை, உடம்பின் மொத்தக் கொலஸ்ட்ராலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அதில்தான் இருக்கிறது. ரத்தத்திலிருந்து அது மூளைக்குள் போவதில்லை, நடுவில் தடுப்பு இருக்கிறது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. அதை செல்லுக்கு செல் எடுத்துப் போய்க் கொடுக்கும் வேலையை ஏபிஓஇ செய்கிறது. லேப்காரர் கையில் ஊசி போட்டு எடுத்த ரத்தத்தை வைத்துக்கொண்டு மூளைக்குள் கொழுப்பு எப்படி இருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. இதை வீட்டாருக்கு நீங்கள் ஒரு நிமிடம் எடுத்துச் சொன்னால் பாதிப் பயம் தீர்ந்துவிடும்.

86 வயது பாட்டிக்கு வெளியூர்ப் பேரன் ஒருவன் அக்கறையில் அந்தக் கிட்டை வாங்கி அனுப்பினான். ஒரு இ4 இருக்கிறது என்று வந்தது. பாட்டி அன்று வரை சீட்டுப் பணம் பிடித்துக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர், புத்தி தெளிவாகத்தான் இருந்தது. ரிப்போர்ட் வந்தபின் வீட்டில் பீரோ சாவியை வாங்கிவிட்டார்கள். எவ்வளவு பெரிய அநியாயம்! இ4-இன் வேகம் அதிகமாகத் தெரிவது 60-களிலும் 70-களிலும், 85-க்கு மேல் அதன் பிடி தளர்ந்துவிடுகிறது என்பதுதான் ஆய்வுகள் காட்டுவது. அந்த மரபணுவோடு தெளிவான புத்தியில் 86-ஐத் தொட்டவர் ஏற்கெனவே பெரிய கண்டத்தைத் தாண்டி வந்தவர். அந்தச் சோதனை அவரைப் பற்றிச் சொன்னதைவிட அவருடைய 60 வயது மகனைப் பற்றித்தான் அதிகம் சொன்னது. தனக்கும் அது வந்திருக்குமோ என்று அந்த மனிதர் இப்போது தூங்குவதில்லை, அவர் சோதனை கேட்கவே இல்லை. டிஎன்ஏ-வின் வடிவத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சன், 2007-இல் தன் மரபணுத் தொகுப்பு முழுவதையும் வெளியிட்டபோது, ஏபிஓஇ ஒன்றை மட்டும் தனக்குச் சொல்லவும் வேண்டாம், வெளியிடவும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவருடைய பாட்டிக்கு அல்சைமர் இருந்தது. அவருக்கே அந்த உரிமை வேண்டியிருந்தது என்றால், சீட்டுப் பணம் பிடிக்கும் எங்கள் ஊர்ப் பாட்டிக்கும் அது உண்டு.

இன்னொன்று, இ4 இத்தனை மடங்கு ஆபத்து என்று அச்சடித்துத் தரும் கணக்குகள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களிடம் எடுத்தவை. ஹரியானாவில் பல்லப்கர் கிராமங்களையும் அமெரிக்காவில் மொனொங்கஹெலா பள்ளத்தாக்கையும் ஒப்பிட்ட இந்திய-அமெரிக்க ஆய்வில் இ4 காணப்படும் விகிதம் அமெரிக்காவில் 0.11, ஹரியானாவில் 0.07. நம் ஊர் மனிதர்களிடம் நம் ஊரில் அளந்து பார்க்காமல் அந்த மடங்குகளை அப்படியே ஒட்டக் கூடாது.

நீண்ட ஆயுள் மரபணு என்று பேசிக்கொண்டு வருகிறவர்களுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். நியூயார்க்கில் நிர் பார்சிலாய் குழுவினர் நூறை நெருங்கிய அஷ்கெனாசி யூதர்களை ஆராய்ந்தார்கள். அவர்களிடம் கொழுப்புத் துகள்கள் பெரியதாக இருந்தன, சிஇடிபி என்ற மரபணுவின் ஒரு வகை அதிகம் இருந்தது, அந்த வகை இருந்தவர்களுக்கு மூளையும் தெளிவாக இருந்தது, 2003-லும் 2006-லும் எழுதினார்கள். கேட்கவே ஆசையாக இருக்கும். அதே சிஇடிபி புரதத்தை அடக்கி நல்ல கொழுப்பைக் கூட்டுகிற மருந்து ஒன்றை, டோர்செட்ராபிப் என்று பெயர், ஃபைசர் நிறுவனம் 15,000 பேரிடம் சோதித்தது. நல்ல கொழுப்பு ஏறத்தான் செய்தது, ஆனால் மருந்து எடுத்தவர்களில் சாவு அதிகமானதால் 2006 டிசம்பரில் சோதனையையே நிறுத்தினார்கள். எண்ணை மாற்றினால் மனிதர் பிழைத்துக்கொள்வார் என்று எண்ணியது அங்கே பலிக்கவில்லை.

சரி, 85-க்கு மேல் ஸ்டாடின் வகைக் கொழுப்பு மாத்திரை கொடுப்பதா வேண்டாமா? இதை நான் சொல்லக்கூடாது, சொல்லவும் மாட்டேன். மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர், பக்கவாதம் வந்தவர் எவரும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது என்று கடைக்கு வருகிறவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லித்தான் அனுப்புகிறேன். 70 முதல் 82 வயதுவரை உள்ள 5,804 பேரிடம் நடந்த ப்ராஸ்பர் என்ற ஸ்டாடின் சோதனை, 2002-இல் வெளியானது, இதயத்துக்கு நன்மை காட்டியது. ஞாபகசக்தியைப் பொறுத்தவரை மாத்திரை எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை, அது கெடுக்கவும் இல்லை, காக்கவும் இல்லை. சிலருக்கு மட்டும் மறதி, குழப்பம் தட்டுப்படலாம், நிறுத்தினால் சரியாகிவிடும் என்று அமெரிக்க மருந்துத் துறை 2012-இல் எச்சரிக்கைக் குறிப்பு சேர்த்தது. ஆகவே இதய நோயே இல்லாத 89 வயதுக்காரருக்குப் புதிதாக ஆரம்பிக்கும்போதாவது, இது எதற்கு, எத்தனை வருடத்தில் பலன் தெரியும், கால் வலி வந்தால் என்ன செய்வது என்று அவரிடமே உட்கார்ந்து பேசுங்கள். மகனிடம் இல்லை, அவரிடம்.

எண் ஏறியிருந்தாலும் ஒரு கேள்வி உண்டு. வயதான பெண்மணிக்குக் கொலஸ்ட்ரால் திடீரென்று ஏறி, கூடவே மந்தமாகவும் மறதியாகவும் இருந்தால் தைராய்டு சுரப்பு குறைந்திருக்கலாம், ஒரு டிஎஸ்எச் சோதனையில் தெரிந்துவிடும், மாத்திரையில் சரியாகும். வருடக்கணக்கில் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடும் சைவக்காரர் மறதியாக இருந்தால் பி12 வைட்டமின் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். காது கேட்காதவரை மறதிக்காரர் என்று ஒதுக்கிவிடுகிறார்கள், அதையும் பாருங்கள்.

ஞாபகத்தைச் சோதிக்க நேரம் இல்லை என்பீர்கள், புரிகிறது, வாசலில் நாற்பது பேர் நிற்கிறார்கள். பள்ளிக்கூடமே போகாத ஆச்சியிடம் 100-லிருந்து ஏழு ஏழாகக் கழி என்று கேட்டால் அவர் விழிக்கத்தான் செய்வார். அதில் குற்றம் ஆச்சியிடம் இல்லை. சென்னையிலும் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் டிமென்ஷியாவை ஆராயும் 10/66 என்ற குழு வேலை செய்தபோது படிப்பில்லாதவர்களுக்கும் பொருந்துகிற முறையையும், கூட இருப்பவரிடம் கேட்கும் கேள்விகளையும் சேர்த்தே பயன்படுத்தியது. நீங்களும் அப்படிச் செய்யலாம். இது என்ன மாசம், போன அமாவாசை எப்போ, ரேஷனில் இந்தத் தடவை என்ன போட்டார்கள் என்று கேளுங்கள். மருமகளிடம், சமையலில் உப்பு இரண்டு தடவை விழுகிறதா, கோயிலுக்குப் போய் வழி தடுமாறியது உண்டா, போன வருஷத்தைவிட என்ன மாற்றம் என்று கேளுங்கள். நாட்டில் 60 தாண்டியவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேர் டிமென்ஷியாவோடு இருக்கிறார்கள் என்று 2023-இல் வெளியான கணக்கு. இவர்களில் எத்தனையோ பேர் வருடா வருடம் ரத்தம் கொடுத்துக் கொழுப்பு பார்த்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிப் போகிறவர்கள்தான்.

என் பங்குக்கு நான் ஒன்று செய்யப் போகிறேன். 80 தாண்டியவர்களுக்கு மருந்து கொடுக்கும்போது, வீட்டார் சம்மதித்தால், உங்கள் சீட்டின் பின்பக்கம் பென்சிலால் மூன்று வரி எழுதி அனுப்புவேன்: எந்த அட்டையில் எத்தனை மாத்திரை மிச்சம், இன்றைய எடை, போன தடவை எடை. அடுத்த முறை அவர்கள் உங்களிடம் வரும்போது சீட்டைத் திருப்பிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் கூப்பிடுங்கள், கடை நம்பர் அதிலேயே இருக்கும், இரவு ஒன்பதரை வரை திறந்திருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் சீட்டுகளுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கும் ஒருவன்